பிள்ளைக்கு ஒப்பரேஷன், சிநேகிதி குடும்பம் எங்கள் வீட்டில்: நான் என்ன செய்ய?

கேள்வி: நான் கொக்குவிலில் இருக்கிறேன், வங்கியில் வேலை. கணவர், தரம் 7 படிக்கும் மகன், மாமி என்று வீட்டில் நாங்கள் நாலு பேர். நெடுந்தீவில் இருக்கும் என் சிநேகிதியின் ஐந்து வயது மகனுக்கு, சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்கும் குழாயில் பிறவியிலேயே அடைப்பு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அடுத்த மாதம் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு குழாய் வைத்து, சில கிழமைகள் கழித்து எடுப்பார்களாம். சிநேகிதி, அவளின் கணவர், மகன், ஒன்பது வயது மகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் நிற்கப் போகிறார்கள். நானும் அவளும் ஹொஸ்டலில் ஒன்றாக இருந்து படித்தவர்கள். வேறு எங்கும் நிற்க விடமாட்டேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோல் எடுத்தால் அழுகிறாள், என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, 'யாழ்ப்பாணம் சுத்திப் பாக்கப் போறம்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளின் கணவர் கடற்றொழில் செய்பவர், காசு கொடுத்தால் வாங்கமாட்டார். நான் எப்படித் துணை நிற்பது? எதைச் செய்யக்கூடாது?
வாசகி, கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் இடம் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதை முடிவெடுத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். நெடுந்தீவுக் குடும்பம் ஒன்றுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று பிள்ளைகள் வாட்டில் தாய்மாரோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர் என்ற முறையில் எனக்குத் தெரியும். குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து பஸ் என்று கிளினிக்குக்கு ஒரு தடவை வந்து போகவே அவர்களுக்கு ஒரு நாள் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு அறை இருக்கிறது, அந்த அறைக்குப் போனால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பதே அந்தத் தாய்க்குப் பாதி நிம்மதி.

என்னுடைய ஆலோசனையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வீட்டை நீங்கள் பாருங்கள், பிள்ளையை அவள் பார்க்கட்டும். உதவி செய்ய வருபவர்கள் பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். டொக்டரோடு கதைப்பது, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது, சொந்தக்காரருக்குச் செய்தி சொல்வது எல்லாம் அவர்கள் கையில் போய்விடும். தாய் குசினியில் நின்று அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பாள்.

'ஏதும் வேணுமெண்டால் சொல்லு' என்று அவளிடம் சொல்ல வேண்டாம். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல அவள் யோசிக்க வேண்டும், கேட்கக் கூச்சப்பட வேண்டும், கடைசியில் 'ஒண்டும் வேண்டாம்' என்றுதான் சொல்வாள். அதற்குப் பதிலாக, 'நாளைக்குக் காலமை ஆறரைக்கு இடியப்பமும் சொதியும் வாட்டுக்கு வரும். பின்னேரம் உன்ர உடுப்புகளை எடுத்துக்கொண்டு போய்த் தோய்ச்சுக் கொண்டு வாறன்' என்று சொல்லுங்கள். அவள் தலையாட்டினால் போதும். அவர்கள் வந்த அன்றே வீட்டுத் திறப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள். தண்ணீர் மோட்டரை எப்படிப் போடுவது, காஸ் அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது, இரவில் எந்த லைட்டைப் போடுவது என்று காட்டிவிடுங்கள். கதவு சாத்தக்கூடிய அறையாகக் கொடுங்கள், ஹோலில் பாய் போட்டுப் படுக்க விட வேண்டாம். அவளுக்கு அழ ஒரு இடம் வேண்டும். நுளம்பு வலையும் கட்டிவிடுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர். இரண்டு கிழமை முழுவதும் லீவு போட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஒப்பரேஷன் நாளுக்கும் துண்டு வெட்டி வீட்டுக்கு வரும் நாளுக்கும் லீவு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் மாமியும் உங்கள் கணவரும் எதை எதைப் பார்ப்பது என்று இப்போதே இருந்து கதையுங்கள். மாமியிடம் ஒரு பொறுப்பைக் கேட்டு ஒப்படையுங்கள். கேட்டு ஒப்படைத்த வேலையை அந்த வயதினர் மிகவும் பொறுப்பாகச் செய்வார்கள். சும்மா விட்டால் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இனிப் பிள்ளைக்குச் சொல்லும் விடயம். இதில் நான் சற்று உறுதியாகவே எழுதுகிறேன். 'சுத்திப் பாக்கப் போறம்' என்று கூட்டிக்கொண்டு வந்து வாட்டில் சேர்த்தால், அந்தப் பிள்ளைக்கு ஒப்பரேஷனை விடப் பெரிய அடி, அம்மா பொய் சொன்னது. அதற்குப் பிறகு 'இது நோகாது' என்று அம்மா சொல்லும் எதையும் அவன் நம்பமாட்டான். மருந்து குடிக்க வைப்பதும் காயத்துக்குத் துணி மாற்றுவதும் போராட்டமாகிவிடும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் முன்னரே சொல்லத் தேவையில்லை. அவ்வளவு காலம் அதை மனதில் வைத்துப் பயந்துகொண்டிருப்பான். இரண்டு மூன்று நாளுக்கு முன் சொன்னால் போதும். சொல்ல வேண்டியது அம்மா, நீங்கள் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அவள் தள்ளிப்போடுகிறாள் என்று நினைக்கிறேன். இப்படிச் சொல்லலாம் என்று அவளுக்கு ஒரு வழி காட்டுங்கள்: 'உன்ர வயித்துக்குள்ள சலம் போற குழாய் ஒண்டு அடைச்சிருக்கு. டொக்டர் அதைத் திருத்திவிடுவார். அதுக்கு முதல் மருந்து தந்து நல்ல நித்திரையாக்குவினம். நித்திரையில ஒண்டும் நோகாது. டொக்டர் வேலை முடிச்ச உடன நீ எழும்பிவிடுவாய். எழும்பினாப் பிறகு கொஞ்சம் நோகும், அதுக்கும் மருந்து இருக்கு.' கண் விழிக்கும் இடத்தில் தாய் நிற்கலாமா, வாட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பார்க்கலாமா என்று தாதியிடம் முதலே கேட்டுவிட்டு, நடக்கப்போவதைத்தான் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஊசி போடமாட்டார்கள் என்று சொல்லவே கூடாது. போடுவார்கள். 'குழப்படி செய்தால் டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவன்' என்று வெருட்டும் பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நாட்களில் யாரும் அதைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுகப்படுத்தப் போகும் ஆளைத் தண்டனை கொடுக்கும் ஆளாகப் பிள்ளை நினைத்துக்கொண்டு போனால், தியேட்டர் வாசலில் அவன் கத்துவது நியாயம்தானே.

திகதிக்கு முந்திய கிழமைகளில் உங்கள் வீட்டில் யாருக்காவது தடிமன், இருமல், காய்ச்சல் என்றால் மறைக்காமல் சிநேகிதியிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தடிமன் தொற்றினால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒப்பரேஷனைத் தள்ளிவைக்கக்கூடும். சளி பிடித்திருக்கும் நேரத்தில் மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்து கூட, அதனால்தான். உங்கள் மகனின் பாடசாலையில் கொப்புளிப்பான் ஓடுகிறதா என்றும் விசாரித்து வையுங்கள். மற்றது, அவசரக் கேஸ் ஒன்று வந்தால் சிநேகிதியின் பிள்ளையின் முறை அடுத்த நாளுக்குப் போகலாம். அப்படி நடந்தால் 'பரவாயில்லை, அறை அப்பிடியே இருக்கு' என்று உடனே சொல்லிவிடுங்கள். அவள் முதலில் யோசிப்பது உங்களுக்குக் கரைச்சல் கொடுப்பதைப் பற்றித்தான்.

வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நேரத்தை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். பொதுவாகத் திட உணவும் மாப்பாலும் ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் நிறுத்தப்படும், வெறும் தண்ணீர் அதற்குப் பிறகும் சற்று நேரம் கொடுக்கலாம். சரியான நேரத்தை வாட்டில் சொல்வார்கள், அதன்படிதான் நடக்க வேண்டும். பெரும்பாலும் முதல் நாளே வாட்டில் சேர்த்துவிடுவார்கள், ஆனால் பார்க்க வருகிற பாசக்கார மனிதர்கள் யாராவது 'பாவம், பசிக்குது பிள்ளைக்கு' என்று பிஸ்கட் ஒன்றைக் கொடுத்துவிட முடியும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதை மாமிக்கும் உங்கள் மகனுக்கும் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஒப்பரேஷன் நாளன்று நேரக் கணக்கு எப்போதும் மனதை அலைக்கழிக்கும். இரண்டு மணித்தியாலம் என்று வைத்தியர் சொல்வது அவர் செய்யும் வேலையின் நேரம். மயக்கம் கொடுப்பது, பிள்ளையைத் தயார்ப்படுத்துவது, பிறகு கண் விழிக்கும் வரை வைத்திருப்பது எல்லாம் அதற்கு மேலே. இரண்டு மணித்தியாலம் தாண்டியவுடன் தாய் துடிக்கத் தொடங்குவாள். இதை முதல் நாளே அவளிடம் சொல்லி வையுங்கள். கண் விழிக்கும்போது பிள்ளை ஆளைத் தெரியாததுபோல் கத்தி, கை கால் அடித்து அழக்கூடும். மயக்கம் தெளியும்போது சிறு பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு, சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடும். தெரியாமல் பார்த்தால் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று தாய் நடுங்கிவிடுவாள்.

தகப்பனை மறந்துவிட வேண்டாம். பிள்ளைகள் வாட்டில் இரவு நிற்பது பெரும்பாலும் தாய்தான். தகப்பன் பின்னேரம் பார்க்கும் நேரம் முடிய வெளியே வந்து, உங்கள் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பார். தொழிலுக்குப் போகாத நாட்கள், வலை, படகு, கடன் எல்லாம் அவர் தலையில் ஓடும். 'எப்பிடி இருக்கிறியள்' என்று கேட்டால் 'ஓம் ஓம்' என்பார், அவ்வளவுதான். உங்கள் கணவர் அவரைச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். ஆண்கள் நடந்துகொண்டே கதைத்தால்தான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். ஒப்பரேஷன் நடக்கும் நேரத்தில் நீங்கள் இருவரும் அவரோடு கூட நின்றால் நல்லது.

அந்த ஒன்பது வயது மகள் உங்களிடம்தான் அதிக நேரம் இருப்பாள், ஆகவே நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய ஆளும் அவள்தான். தம்பிக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் இரகசியமாக ஒரு பயத்தை வைத்திருப்பார்கள்: 'நான் அவனைத் தள்ளி விழுத்தினதால வந்ததோ?' அவள் கேட்காவிட்டாலும், இது பிறக்கும்போதே இருந்தது, யாராலும் வந்ததில்லை என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பாடசாலைக் கொப்பிகளைக் கொண்டு வரட்டும், உங்கள் மகனோடு இருந்து பின்னேரம் படிக்கட்டும். ஒரு நாள் அவளை மட்டும் நல்லூருக்கோ ஐஸ்கிறீம் குடிக்கவோ கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாரும் தம்பியைப் பற்றியே கேட்கும் வீட்டில் 'உனக்கு என்ன விருப்பம்' என்று ஒருவர் கேட்பது அவளுக்கு வேண்டும்.

பார்க்க வருபவர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. அப்பிள், முந்திரிகைப்பழம், மோல்ட் பக்கற் எல்லாம் வரும், அவற்றோடு கதைகளும் வரும். 'எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்பிடித்தான்...' என்று தொடங்கும் கதை எதையும் முடிக்க விடாதீர்கள். இதைவிடக் கொடுமையான கேள்வி ஒன்று இருக்கிறது: 'வயித்தில இருக்கேக்க கிரகணம் பாத்தனியோ?' அந்தக் கேள்வியோடு பல இரவுகள் நித்திரை இல்லாமல் இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். கருவில் உறுப்புகள் உருவாகும் காலத்தில் சிறுநீரகமும் குழாயும் சேரும் இடம் ஒடுங்கிப்போவதால் வரும் அடைப்பு இது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. தாய் பார்த்ததாலோ சாப்பிட்டதாலோ கும்பிடாமல் விட்டதாலோ வருவதில்லை. யாராவது அப்படிக் கேட்டால் அவள் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். மரியாதையாக, ஆனால் தெளிவாக.

கனடா, லண்டன் சொந்தங்கள் அங்கத்தைய பின்னேரத்தில் எடுப்பார்கள், இங்கே அது நடுச்சாமம். பெற்றோர் சம்மதித்தால், ஒரு நாளுக்கு ஒரு தடவை வட்ஸ்அப்பில் ஒரே குரல் பதிவை எல்லாருக்கும் அனுப்பும் வேலையை நீங்கள் எடுங்கள். அதில் என்ன சொல்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். பிள்ளை ட்யூபோடு கிடக்கும் படத்தை யாரும் முகநூலில் போடாமல் பாருங்கள்.

வைத்தியரோடு அவள் கதைக்கும்போது நீங்கள் கூட நின்றால், கொப்பியும் பேனையுமாக நில்லுங்கள். கேள்வி கேட்பது அவள், எழுதுவது நீங்கள். பதற்றத்தில் கேட்டதில் பாதி மறந்துபோகும். எப்போது சாப்பிடலாம், எப்போது குளிக்கலாம், தையல் தானாகக் கரையுமா, உள்ளே வைத்த குழாயை எப்போது எடுப்பார்கள், எந்த அறிகுறிக்கு உடனே ஓடி வர வேண்டும் என்பவை முக்கியம். டயக்னோசிஸ் கார்ட்டைப் படமெடுத்து உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு வெட்டிய அன்றே நெடுந்தீவுக்கு வெளிக்கிட அவர்கள் அவசரப்படுவார்கள். உங்களுக்குக் கரைச்சல் என்பதுதான் காரணமாக இருக்கும். முதலாவது கிளினிக் முடியும் வரை நிற்கச் சொல்லி வற்புறுத்துங்கள். பஸ்ஸின் குலுக்கலும் படகின் ஆட்டமும் புதுக் காயத்துக்கு வேதனை. அதைவிட முக்கியம், நடு இரவில் காய்ச்சல் வந்தால் தீவிலிருந்து எப்படி வருவது? சோழகம் பலமாக வீசும் காலத்தில் படகு ஓடாத நாட்களும் உண்டு. கொக்குவிலிலிருந்து பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் நோவு, சலம் போகாமல் இருத்தல், சலத்தில் இரத்தக் கட்டி இவற்றில் எதைக் கண்டாலும் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உள்ளே குழாய் இருக்கும் காலத்தில் சலம் இலேசாகச் சிவப்பாகப் போவதும், அடிக்கடி முட்டுவதும், போகும்போது எரிவதும் பல பிள்ளைகளுக்கு இருக்கும். அதையும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்து வைத்தால் வீணாகப் பதறத் தேவையில்லை.

அவன் உங்கள் மெத்தையில் சலம் போய்விடக்கூடும். உள்ளே இருக்கும் குழாயும் காரணம், பயமும் காரணம். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு இரண்டு கிழமை கெட்ட கனவு, தாயை விட்டு அசையாமை, சின்னப் பிள்ளைபோல் நடப்பது எல்லாம் இருக்கலாம், மெல்ல மாறிவிடும். ஆனால் மெத்தை நனைந்தால் சிநேகிதி வெட்கத்தில் குறுகிப்போவாள். முதலே மெத்தைக்கு மேல் றபர் சீற் விரித்து, அலுமாரியில் இன்னும் இரண்டு விரிப்பு வைத்து, எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள். வேறு ஒரு கதையும் வேண்டாம்.

மருந்து கொடுப்பது ஒரே ஒரு ஆளாக இருக்க வேண்டும், அது தாய். பனடோல் பாணியைத் தாயும் கொடுத்து, அது தெரியாமல் மாமியும் கொடுத்தால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். வேறு நோ மருந்துகளை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சில நோ மருந்துகள் சிறுநீரகத்துக்குக் கூடாது.

சாப்பாட்டில் கிரந்திப் பேச்சு கட்டாயம் வரும். இறாலும் நண்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதற்காக மாமியோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் முட்டை கூடாது, மீன் கூடாது, வெறும் சோறும் இரசமும்தான் என்று வந்தால் அங்கே நில்லுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். வைத்தியர் தடுக்காத வரை முட்டையும் மீனும் பருப்பும் கொடுக்கலாம். மலம் இறுகினால் நோவு கூடும், ஆகவே பப்பாசிப்பழமும் நிறையத் தண்ணீரும் நல்லது. திருநீறு நெற்றியில் இருக்கட்டும். காயத்தில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம்.

காசு விடயம் இலகு. அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் கட்டணம் இல்லை, போக்குவரத்தும் சாப்பாடும் இழந்த உழைப்பும்தான் செலவு. கையில் காசு கொடுத்தால் தகப்பன் வாங்கமாட்டார் என்றால், செலவு வரும் இடத்தில் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரருக்கு ஒரு கிழமைக் கணக்கை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். தகப்பன் மீனோ கருவாடோ கொண்டு வந்து தந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம்.

அவள் அழும்போது என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். 'ஒண்டும் நடக்காது' என்று சொல்ல வேண்டாம், அது உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியும். 'அழாதை' என்றும் வேண்டாம். 'பயமாத்தான் இருக்கும். நான் நிக்கிறன்' என்று சொல்லிவிட்டு லைனில் இருங்கள். ஹொஸ்டல் காலத்துப் பழைய கதை ஒன்று வந்தால் அதையும் கதையுங்கள், சிரிக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, எல்லாரும் ஓய்ந்த நேரத்தில், அவள் திடீரென்று உடைந்து அழுதாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அது கிழமைக் கணக்கில் நீடித்து, சாப்பாடு நித்திரை இல்லாமல் போனால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

உள்ளே வைத்த குழாயை எடுக்க அவர்கள் திரும்பவும் வர வேண்டும். பெரும்பாலும் நாலு முதல் ஆறு கிழமைக்குள், சிறு பிள்ளைகளுக்கு அதற்கும் மயக்கம் கொடுப்பார்கள். முதல் தடவை வந்த சனம் இரண்டாம் தடவை வராது, 'சின்ன விசயம்தானே' என்று விட்டுவிடும். திகதி தந்த அன்றே அதை உங்கள் கலண்டரிலும் குறித்து, அந்த நாளுக்கும் லீவு போட்டு வையுங்கள். அறை இருக்கிறது என்று அவள் கேட்பதற்கு முன் கோல் எடுத்துச் சொல்லுங்கள்.